மேக்சினுக்கு ஒரு மட்டை

அமெரிக்காவில் ஜார்ஜியா மாநில எல்லையோரம் இருக்கும் சட்டனூகாவில் இருபத்தேழு வருஷமாக மஞ்சள் பள்ளிப் பேருந்து ஓட்டிக்கொண்டிருந்த ஒலீட்டா கிராப்ட்ரீக்கு இந்த உலகத்தில் ஒரே ஒரு ஆள்மேல்தான் காட்டம். அந்த ஆள் மேக்சின் டாலிவர். பல் டாக்டரிடம் வரவேற்பாளராக இருந்து ஓய்வு பெற்றவள். பூங்காவில் நடக்கும் வசந்தகாலப் பெண்கள் டென்னிஸ் போட்டியின் இறுதி ஆட்டத்தில் மூன்று வருஷமாக ஒலீட்டாவைத் தோற்கடித்து வருபவள். தோற்கடித்தால்கூடப் போகிறது. ஜெயித்த கையோடு வலைக்கு மேலே கையை நீட்டி, "பாவம்டி, உனக்கு மட்டும் அந்தத் தோள்வலி இல்லேன்னா..." என்பாள். அதைத்தான் தாங்க முடியவில்லை.

ஒலீட்டா சாமான்யப்பட்டவள் இல்லை. பத்தொன்பது வயதில் கம்பள ஆலையில் வேலை பார்த்தபோது, மதிய இடைவேளையில் ஆலைக்குப் பின்னால் விரிசல் விட்ட சிமென்ட் தரையில் டென்னிஸ் கற்றுக்கொண்டவள். சொல்லிக்கொடுக்க யாரும் இல்லாததால் அவள் வீச்சு ஈரத் துணியை உதறுவது மாதிரி இருக்கும்; ஆனால் பந்து நினைத்த இடத்தில் விழும். பேருந்துக் கண்ணாடியில் அவள் ஒரு புருவத்தைத் தூக்கினால் கடைசி இருக்கைக் கூச்சல் கப்பென்று அடங்கும். மேக்சினிடம் மட்டும் அந்தப் புருவம் பலிக்கவில்லை.

பிப்ரவரியில் ஒருநாள் வேலியோரம் நின்று மேக்சின் கேட்டாள்: "புது மட்டை வாங்கலாம்னு இருக்கேன். உனக்குத்தான் இதெல்லாம் தெரியும். எது நல்லதுன்னு பாத்துச் சொல்லேன்."

ஒலீட்டாவுக்கு உள்ளே எங்கேயோ ஒரு விளக்கு எரிந்தது. "பாத்துச் சொல்றேன்டி" என்றாள், வெண்ணெய் மாதிரி.

நேராக ஹாலிஸ் கடைக்குப் போனாள். மட்டை விற்பதும் நரம்பு மாட்டுவதும்தான் ஹாலிஸ் தொழில்.

"முப்பது வருஷம் ஆடின ஒருத்திக்கு மட்டை வேணும், ஹாலிஸ்."

"எப்படி ஆடுவாங்க, ஒலீட்டாம்மா?"

"களத்தோட பின்கோட்டை விட்டு நகர மாட்டா. கை முழுக்கச் சுழட்டி அடிப்பா. பலமெல்லாம் அவ கையிலயே இருக்கு."

"அப்போ கனமானதா, முகம் சின்னதா, கொஞ்சம் வளையுறதா எடுத்துக்குங்க. பந்து கட்டுக்குள்ள நிக்கும்."

"சரி. அதுக்கு நேர் எதிரா ஒண்ணு எடு."

ஹாலிஸ் அவளை ஒரு நிமிஷம் பார்த்தான். "ஏம்மா?"

"ஏன்னு கேக்காத. எடு."

தனக்கு மட்டை வாங்கியபோதெல்லாம் கால்மணி நேரத்துக்கு மேல் செலவழிக்காதவள், மேக்சினுக்காக அன்று இரண்டு மணி நேரம் நின்றாள். கைப்பிடியில் எடை குவிந்ததை ஒதுக்கினாள். மணிக்கட்டில் அதிர்வு தெரியாததையும், நல்ல மட்டை என்பதாலேயே, ஒதுக்கினாள். கடைசியில் கிடைத்தது ஒரு வானநீல மட்டை. ஒன்பதே அவுன்ஸ், தோசைக்கல் அகலத்துக்கு முகம், விறைத்த சட்டம்.

"முழு வீச்சு வீசுறவங்க கையில இதைக் குடுத்தா பந்து ஜார்ஜியாவுல போய்த்தான் விழும்" என்றான் ஹாலிஸ்.

"அருமை" என்றாள் ஒலீட்டா.

பூங்காவில் ஒலீட்டா கொண்டுவந்து காட்டியதும் மேக்சின் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "அவ்வளவு நல்லதுன்னா நீ ஏன்டி இன்னும் அந்தக் கறுப்பு உலக்கையோட திரியுற?"

இந்தக் கேள்வியை ஒலீட்டா எதிர்பார்க்கவில்லை. "நானும் இதுக்குத்தான் மாறப்போறேன்" என்று வாய் முந்திக்கொண்டது.

"அப்படியா? செவ்வாய்க்கிழமை வந்து பாக்குறேன். நீ ஆடுறதைப் பாத்துட்டு வாங்கிக்கிறேன்."

வேறு வழியில்லை. ஹாலிஸிடம் கேட்டு அந்த நீல மட்டையை இரவலாகவே வைத்துக்கொண்டு களத்தில் இறங்கினாள். முதல் செவ்வாய், பூங்காவுக்கு வரும் மற்றப் பெண்களோடு ஆடியபோது, அவள் அடித்த பந்துகளில் பதினொன்று வேலி தாண்டி ஓடையில் விழுந்தன. மேக்சின் பெஞ்சில் உட்கார்ந்து, வேகவைத்த நிலக்கடலையைத் தோலுரித்தபடி, "கை பழகணும்ல, ஆடு ஆடு" என்று உற்சாகப்படுத்தினாள். ஒலீட்டா பந்து அள்ள ஒரு கைவலையை எடுத்துக்கொண்டு ஓடைக்கரைக்கு நடந்தாள்.

ஆனால் ஜெயித்துக் காட்டினால்தான் மேக்சின் வாங்குவாள். அதனால் வீச்சைப் பாதியாகக் குறைத்தாள். சுழற்றினால்தானே பறக்கிறது? வலைக்கு ஓடிப்போய், பந்து தரையைத் தொடும் முன்னே தட்டிவிடப் பார்த்தாள். நாலாவது வாரம் அது கைக்கு வந்துவிட்டது. ஐந்தாவது வாரம் இன்னொன்றும் நடந்தது: பேருந்துக் கதவை இழுத்து இழுத்து வந்த தோள்வலி காணாமல் போயிருந்தது. வலது பக்கம் படுத்துத் தூங்கி எத்தனை வருஷம்! அதற்காகச் சந்தோஷப்படக்கூட அவளுக்கு நேரமில்லை. மேக்சின் எப்போது வாங்குவாள் என்பதுதான் கவலை.

ஆறாவது செவ்வாய் மேக்சின் பையைத் திறந்து காட்டினாள். உள்ளே பளபளவென்று ஒரு வானநீல மட்டை. ஒலீட்டாவுக்கு வீடு போய்ச் சேரும்வரை சிரிப்பை அடக்க முடியவில்லை.

இறுதி ஆட்டத்தன்று தன் பழைய கறுப்பு மட்டையோடு களமிறங்கினாள். எதிரே மேக்சின் பையைத் திறந்தாள். வெளியே வந்தது நீலம் இல்லை. மூன்று வருஷமாக அவளை ஜெயிக்கவைத்த அதே பழைய சிவப்பு மட்டை.

முதல் செட் ஆறுக்கு ஒன்று என்று மேக்சினுக்குப் போனது. நீலத்துக்குப் பழகிய கையில் கறுப்பு மட்டை இரும்புக் கம்பி மாதிரி கனத்தது. ஒவ்வொரு பந்துக்கும் அரை நொடி தாமதமாகவே போய்ச் சேர்ந்தாள். இடைவேளையில் தண்ணீர் குடிக்க வந்தபோது மேக்சின் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள்.

"ஹாலிஸ் வாயில ரகசியம் தங்குமாடி? நீ கடையை விட்டு இறங்கின பத்தாவது நிமிஷம் எனக்கு போன் வந்துடுச்சு."

"அப்போ அந்த நீலம்?"

"கடையிலேர்ந்து இரவல். உனக்குக் காட்டத்தான். ஆறு வாரம்டி! நீ ஓடையில பந்து பொறுக்கினதைப் பாக்க எங்க அக்காவைக்கூட ஒருதரம் கூட்டிட்டு வந்தேன். தொப்பி போட்டுக்கிட்டு உக்காந்திருந்தாளே, அவதான்."

ஒலீட்டாவின் காது மடல் சிவந்தது. கறுப்பு மட்டையைப் பையில் திணித்துவிட்டு நீலத்தை எடுத்தாள்.

அடுத்த செட்டில் மேக்சின் அடித்த பந்தெல்லாம் வலையருகே ஒரு நீலச் சுவரில் முட்டித் திரும்பின. சட்டென்று தட்டி இந்த ஓரத்தில் ஒன்று, அந்த ஓரத்தில் ஒன்று. "இதெல்லாம் எப்போடி கத்துக்கிட்ட?" என்று மேக்சின் மூச்சிரைக்கக் கத்தினாள்.

"நீ கடலை தின்னுட்டிருந்தப்போ!"

ஆறுக்கு நாலு, இந்தத் தடவை ஒலீட்டாவுக்கு. மூன்றாவது செட்டுக்குப் பதிலாக, முதலில் பத்துப் புள்ளி எடுப்பவர் ஜெயிக்கும் ஆட்டம். அதில் ஒலீட்டா பத்துக்கு எட்டு என்று ஜெயித்தாள்.

பெஞ்சில் இருவரும் அருகருகே சரிந்து உட்கார்ந்திருந்தார்கள். மேக்சின், "அதைக் கொஞ்சம் குடு, பாப்போம்" என்று நீல மட்டையை வாங்கிக்கொண்டு எழுந்தாள். தன் வழக்கப்படி கையை முழுக்கச் சுழற்றி மூன்று பந்து அடித்தாள். இரண்டு வேலி தாண்டின. மூன்றாவது, வண்டிகள் நிற்கும் இடத்தில் யாருடைய காரின் கூரையிலோ டங்கென்று விழுந்தது.

மேக்சின் மட்டையை ஏற இறங்கப் பார்த்தாள். "எனக்குன்னு ரொம்ப நல்லாத்தான்டி தேடியிருக்க."

"ரெண்டு மணி நேரம் நின்னேன்" என்றாள் ஒலீட்டா, மட்டையைத் திரும்ப வாங்கி மடியில் வைத்துக்கொண்டு.