கேக்கின் மேல் பதினான்கு கோடுகள்

கேக்கின் மேல் எழுதுகிற வேலையில் அழிறப்பர் கிடையாது. நாள் முழுக்க நின்று, கால் வீங்கி வீடு போகிறவர்களே, நீங்கள் என் கட்சி. அதனால் உங்களுக்குச் சொல்கிறேன். கனடாவில், மில்லிக்கன் பக்கம் ஒரு சீன பேக்கரியில் நான்கு வருடம் தட்டுக் கழுவினேன். சவர்க்காரத் தண்ணீரில் விரல்கள் வெடித்து இரத்தம் கசிந்தது. இனித் தண்ணீரில் கை வைக்கவே கூடாது என்றார் டொக்டர். முதலாளியம்மாவிடம் போய் நின்றேன். முன்மேசையில் கேக்குக்கு எழுத ஆள் வேண்டும், சீன எழுத்தை எந்தக் கோடு முதல், எந்தக் கோடு பிறகு என்ற வரிசை பிசகாமல் எழுதப் பழகினால் அந்த இடம் உனக்கு, இல்லாவிட்டால் திரும்பவும் தட்டுக் கழுவுகிற தொட்டியடிதான் என்றார். எனக்கு வயது ஐம்பத்திரண்டு. வேறு வழி? பழகினேன்.

பூட்டிய பெட்டி

எழுதப் பழக்கியவள் மே. கூட வேலை செய்கிறவள், என் மகளின் வயது. எங்கள் பேச்சு உடைந்த ஆங்கிலத்தில். இங்கே தமிழில் தருகிறேன். 'பிறந்தநாள்' என்பதில் நாளைக் குறிக்கும் எழுத்து ஒரு பெட்டி, அதன் நடுவில் ஒரு கோடு, அவ்வளவுதான். இதென்ன பெரிய வித்தை என்று 'ப' போட்டு, மேலே மூடி, நடுவில் ஒரு கோட்டை இழுத்தேன். பார்வைக்குச் சரியாகத்தான் இருந்தது. ஆனால் கேக்கில் எழுதப் பிழிகிற சொக்லேட் காட்டிக்கொடுத்துவிடும். எந்தக் கோடு எதன்மேல் ஏறியிருக்கிறது என்று பார்த்தாலே வாங்குகிறவருக்கு விளங்கிவிடுமாம். கீழ்க்கோடு கடைசியில்தான் வரவேண்டுமாம். மே தலையில் கை வைத்தாள்.

"அன்ரி, நடுக்கோடு உள்ளே போக முன்னமே கதவைப் பூட்டிவிட்டீர்கள்."

மூன்றாவது மொழி

வீட்டில் பழக கேக்குக்கு எங்கே போவது? சோறு வேகிற நேரத்தில் தட்டில் கோதுமை மாவைப் பரப்பி, அரிசியில் ஏடு தொடக்குகிற பிள்ளை மாதிரி கரண்டிக் காம்பால் இழுப்பேன். ஒருநாள் அப்படி இழுத்துக்கொண்டிருந்ததில் பருப்பு அடிப்பிடித்துவிட்டது. மணம் பிடித்துக்கொண்டு என் மனுசன் குசினிக்கு வந்தார். மாவை ஒருமுறை பார்த்தார், சட்டியை ஒருமுறை பார்த்தார்.

"கனடாவின்ர ரெண்டு மொழியும் உமக்கு ஒழுங்கா வராது. மூண்டாவதுக்கு ஏனப்பா போறீர்?"

முறிந்த வாழ்த்து

பிக்கரிங்கிலிருந்து ஒரு அங்கிள் பேத்திக்குக் கேக் எடுக்க வந்தார். நான் தமிழ் என்று கண்டதும் சந்தோசம் தாங்காமல், 'பிறந்தநாள் வாழ்த்து' என்று தமிழிலேயே எழுதச் சொன்னார். எனக்கும் அதே புழுகம்தான். ஆனால் மூன்று மாதமாக மேலிருந்து கீழ், இடமிருந்து வலம் என்று வெட்டி வெட்டி எழுதிய கை சுழிக்க மறுத்தது. 'ழ்' நான்கு துண்டாக விழுந்தது. தாய்மொழியும் கையை விட்டுப் போகிறதே என்று வெட்கமாக இருந்தது. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி போட்டுப் பார்த்தார்.

"பிள்ளை, உந்த 'ழ' எங்கை விழுந்து முறிஞ்சது?"

எண்பது வயதுக்காரர்

கடைசியில் சோதனை நாள் வந்தது. ஓய்வுபெற்ற சீன ஆசிரியர் ஒருவருக்கு எண்பதாவது பிறந்தநாள். நீண்ட ஆயுளைக் குறிக்கும் எழுத்து வேண்டுமாம், அதுவும் பழைய முறையில்: பதினான்கு கோடு. முறைப்பாடு வந்தால் திரும்பத் தொட்டியடி என்று முதலாளியம்மா காலையிலேயே சொல்லிவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு பக்கத்தில் நின்றார். பெரியவரும் மகளோடு வந்துவிட்டார். முன்மேசைக் கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் நின்று, என் கையோடு சேர்த்துத் தன் விரலையும் காற்றில் அசைத்தார்.

ஒன்பதாவது கோடு மறந்துபோனது. அந்தத் தண்ணீர்த் தொட்டி கண்ணுக்குள் வந்து நின்றது. நிமிர்ந்து பார்த்தால் அவர் விரலும் அந்தரத்தில் நிற்கிறது. எனக்கிருந்த அதே பயம் அவர் முகத்திலும் இருந்தது. கண்ணை மூடி, முதல் கோட்டிலிருந்து மனதுக்குள் இழுத்து வந்தேன். ஒன்பதாவதைக் கை தானே கண்டுபிடித்தது. அவர் விரல் என் பின்னால் வந்தது. மகள் பெட்டி எடுக்க அந்தப் பக்கம் போனதும், பெரியவர் குனிந்து மெதுவாகச் சொன்னார்.

"எழுத்து அவ்வளவு வடிவில்லை, ஆனால் வரிசை சரி. எனக்கு இடையில் மறந்துபோனதை மகளுக்குச் சொல்லிவிடாதே."

முன்மேசை கிடைத்துவிட்டது, விரல்களும் ஆறிவிட்டன. இப்போது முதலில் மணிக்கட்டு, பிறகு தோள், கடைசியில் இடுப்பு என்று எனக்கு நோவதும் ஒழுங்கான வரிசையில்தான்.