ஏரிக்கரை வரியும் எல் போர்டு வண்டியும்

அவளுக்கு வீட்டில் வைத்த பெயர் ஒன்று இருந்தது. அதைச் சொல்லிக் கூப்பிட ஆள்தான் குறைந்துபோனார்கள். பார்க்கிறவர்களுக்கெல்லாம் அவள் கிளட்ச் டீச்சர். கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். கூரையில் சிவப்பு எழுத்தில் எல் போர்டு மாட்டிய பழைய வெள்ளை வண்டி அவளுடையது. பயிற்சி கொடுப்பவரின் காலடியிலும் ஒரு கிளட்ச், ஒரு பிரேக். "கிளட்ச், கிளட்ச், கிளட்சை விடு" என்று நாள் முழுக்கக் கத்திக் கத்தி அதுவே பெயராக ஒட்டிக்கொண்டது. கற்றுக்கொள்ள வருகிறவர்கள் முதல் வாரம் அந்தக் குரலுக்கு நடுங்குவார்கள். அப்புறம் அந்தக் குரல் பக்கத்தில் இல்லாமல் வண்டியை எடுக்க நடுங்குவார்கள்.

வீடு ஏரியை ஒட்டிய தெருவில் இருந்தது. கணவர் பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருந்தவர். முதுகுத் தண்டு மக்கர் பண்ணியதால் வேலையை விட்டுவிட்டு வீட்டோடு இருந்தார். சமையல் அவர் பொறுப்பு. யாருக்கு எந்த நேரம் வகுப்பு என்று போனில் பேசி முடிவு செய்வதும் அவர்தான். வாயைத் திறந்தால் கிண்டல். டீச்சருக்குக் கோபம் வந்தால் அடுப்பைத் தணிக்கிற மாதிரி அவளையும் தணிக்கத் தெரிந்தவர்.

ஏரி கெட்டது ஒரே நாளில் இல்லை. முதலில் ஓரத்தில் பச்சையாக ஏதோ படர்ந்தது. பிறகு யாரோ பெயின்ட் டப்பாவைக் கவிழ்த்த மாதிரி தண்ணீர் முழுக்கப் பச்சை. வெயில் ஏற ஏற அது நீலம் பாரித்து, தோலாகத் தடித்து, அழுகிய முட்டை நாற்றம் அடித்தது. மீன்கள் வாயைப் பிளந்து மேலே மிதந்தன. தெருவில் யார் வீட்டு வெள்ளிக் கொலுசும் வெள்ளையாக இருக்கவில்லை, எல்லாம் கறுத்துப்போயின. ஃபிரிட்ஜுக்குப் பின்னால் ஓடும் செப்புக் குழாய்கூட அந்தக் காற்றில் அரித்து ஓட்டையாகிவிடும். ஃபிரிட்ஜ் ரிப்பேர்காரர் அந்தத் தெருவுக்கு வந்துபோனதில் சொந்தக்காரர் மாதிரி ஆகிவிட்டார். "இந்த ஏரி இருக்கற வரைக்கும் அவர் பொண்ணுங்க படிப்புக்குக் கவலை இல்ல" என்பார் டீச்சரின் கணவர்.

இப்படி வருஷக்கணக்காக மூக்கைப் பிடித்துக்கொண்டு வாழ்ந்த தெருவில் ஒரு நாள் நகராட்சி ஆட்கள் வந்து கதவுக்குக் கதவு ஒரு தாளை ஒட்டிவிட்டுப் போனார்கள். ஏரியைச் சுத்தம் செய்யப் போகிறார்களாம். நல்ல செய்தி என்று எல்லோரும் சிரித்தபடியே படித்தார்கள், கடைசிப் பத்தி வரும்வரை. ஏரிக்கு மிக அருகில் இருக்கும் வீடுகள்தான் இதனால் அதிகப் பலன் அடைகின்றனவாம். ஆகவே செலவில் பெரும்பங்கு ஏரிக்கரைத் தெருக்காரர்கள் தலையில்.

டீச்சர் அந்தத் தாளைக் கிழித்துக் கையில் சுருட்டிக்கொண்டு நேரே நகராட்சி அலுவலகத்துக்குப் போனாள். வரி வசூல் அதிகாரி மரியாதையாகவே உட்காரச் சொன்னார். அவள் உட்காரவில்லை.

"ஏரி சுத்தமானா உங்க வீட்டு விலை ஏறும்மா. பலன் உங்களுக்குத்தானே?" என்றார் அவர்.

"நாறினப்போ விலை இறங்குச்சே சார். அப்போ யாராவது வந்து எங்களுக்குக் காசு குடுத்தாங்களா?"

சட்டம், தீர்மானம், மேலிடம் என்று அவர் என்னென்னவோ சொன்னார். டீச்சர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, நாங்கள் விட்ட கழிவுக்கு எங்களிடம் கேளுங்கள், ஊரார் விட்டதற்கு எங்களிடம் கேட்காதீர்கள் என்றாள். "கட்ட மாட்டேன். எழுதிக்குங்க" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள். அவள் பேச்சைக் கேட்டுத் தெருவே கட்ட மாட்டோம் என்று நின்றது. இஸ்திரிக் கடைக்காரர் தன் கடைச் சுவரில் கரிக்கட்டியால் பெரிதாக எழுதியே வைத்தார்.

அடுத்த வாரம் ஏரிக்கரைச் சாலையில் புதிதாக ஒரு பலகை முளைத்தது. பயிற்சி வாகனங்களுக்கு அனுமதி இல்லை. அந்தச் சாலையில் பயிற்சி வாகனம் என்று ஓடியது ஒன்றே ஒன்றுதான்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். பொழைப்பில் கைவைத்துவிட்டார்கள். கரைச் சாலையில்தான் கூட்டம் இருக்காது. ஒரு மேடும் ஒரு வளைவும் அளவெடுத்து வைத்த மாதிரி இருக்கும். வேறு எங்கே போய்ச் சொல்லிக்கொடுப்பது? கணவர் டீயைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, நகராட்சி அலுவலகத்துக்கு ஏறுகிற சாலை நல்ல மேடாயிற்றே, அங்கே எல் போர்டு வண்டி போகக் கூடாது என்று பலகை ஏதும் பார்த்தாயா என்று கேட்டார். அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகுதான் டீயை எடுத்தாள்.

மறுநாள் காலை, அலுவலகம் திறக்கிற நேரத்துக்குச் சரியாக, வெள்ளை வண்டி அந்த மேட்டில் ஏறியது. பாதி மேட்டில் நிறுத்தி, பின்னால் உருளாமல் மறுபடி எடுக்க வேண்டும். எந்தப் பயிற்சிப் பள்ளியிலும் சொல்லிக்கொடுக்கிற பாடம்தான். ஆனால் முதல் ஆளாக அவளுடைய கணவர் அனுப்பியது ஒரு பல் டாக்டரை. ஊரில் பாதிப் பேரின் பல்லைக் கை நடுங்காமல் பிடுங்கியவருக்கு ஸ்டியரிங்கைப் பிடித்தால் மட்டும் உடம்பெல்லாம் உதறும். வண்டி நின்றது, உறுமியது, அணைந்தது. பின்னால் நின்ற கார்கள் ஹாரன் அடித்தன. ஹாரன் சத்தம் கேட்டால் அவருக்குக் கிளட்ச் எது, பிரேக் எது என்று மறந்துவிடும். வண்டி மறுபடி அணைந்தது. வரிசை கீழே கடைத்தெரு வரை நீண்டது. வரிசையின் நடுவில் நகராட்சி ஆணையரின் காரும் இருந்தது.

டீச்சர் ஒரு விதியையும் மீறவில்லை. ஓரமாகத்தான் போகச் சொன்னாள், கை காட்டச் சொன்னாள், பொறுமையாகத் திருத்தினாள். போக்குவரத்துப் போலீஸ்காரர் வந்து ஜன்னலைத் தட்டினார்.

"மேட்டுல எடுக்கத் தெரியலைன்னா லைசன்ஸ் குடுக்க மாட்டீங்க. எங்க ஏரிக்கரை மேட்ட மூடிட்டீங்க. இத விட்டா எனக்கு வேற மேடு ஏது சார்?" என்றாள்.

அவர் எல் போர்டைப் பார்த்தார், உரிமத்தைப் பார்த்தார், சிரிப்பை மீசைக்குள் மறைத்துக்கொண்டு போய்விட்டார். அந்த வாரம் முழுக்க மருந்துக் கடைக்காரம்மா, முடிதிருத்துகிறவர், கணக்கு வாத்தியார் என்று கற்றுக்கொள்பவர்களில் மோசமானவர்களாகப் பொறுக்கியெடுத்து அனுப்பினார் கணவர். கணக்கு வாத்தியார் ஓட்டப் பழகிவிட்டார் என்று தெரிந்ததும் அவருடைய நேரத்தை மாற்றிவிட்டார்.

ஒரு மதியம் அலுவலகத்திலிருந்து ஒரு பெண் இறங்கி வந்து, கேட்காமலேயே பின்சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். ஏரி வேலையைப் பார்க்கும் பொறியாளர். ஆணையர் சமாதானம் பேச அனுப்பியிருந்தார். டீச்சர் வண்டியை ஓரங்கட்டி, ஓட்டிக்கொண்டிருந்த மருந்துக் கடைக்காரம்மாவை டீ குடிக்க அனுப்பினாள்.

"ஏரில படர்ற பாசிக்குத் தீனியாகற கழிவு எங்கேர்ந்து வருதுன்னு எங்களுக்குத் தெரியாதுன்னு நெனைக்கிறீங்களா?" என்றாள் பொறியாளர். "நல்லாத் தெரியும். முக்கால்வாசி மேட்டு மேல இருக்கற அந்த அடுக்குமாடியிலேர்ந்து வருது. கழிவுநீரைச் சுத்தம் பண்ற எந்திரம் வெச்சிருக்காங்க, ஆனா ஓட்டறதில்ல. அதை எழுதி மேல அனுப்பினேன். கையெழுத்து விழல. உங்க தெரு பேரைப் போட்டாங்க, உடனே விழுந்துது."

மேட்டு அடுக்குமாடியில்தான் டீச்சரின் சொந்த அக்கா குடியிருந்தாள். அந்தக் குடியிருப்போர் சங்கத்துக்குத் தலைவர் அக்காவின் கணவர்.

அடுத்த வாரம் இந்த வரி பற்றிப் பொது விசாரணை இருக்கிறது, அங்கே வந்து சொல்லுங்கள், நான் சொன்னால் அறிக்கையாகப் போய்விடும், நீங்கள் சொன்னால் ஊர் கேட்கும் என்றாள் பொறியாளர். இறங்கும்போது, மேட்டில் எடுக்க எனக்கும் சரியாக வராது என்று சொல்லிவிட்டுப் போனாள்.

முதுகுக்குப் பின்னால் பேசுவது டீச்சருக்குப் பிடிக்காது. விசாரணைக்கு முன்னாலேயே அக்கா வீட்டுக்குப் போனாள். அக்கா அவளைப் பால்கனியில் உட்காரவைத்துப் பழம் நறுக்கிக் கொடுத்தாள். அங்கிருந்து பார்த்தால் ஏரி தெரிந்தது. அந்த உயரத்துக்கு நாற்றம் ஏறவில்லை. யாரோ புல் வளர்த்து வெட்டிவிட்ட மாதிரி பச்சைப் பசேல் என்று இருந்தது. வீட்டுக்கு வருகிறவர்களெல்லாம் இந்தப் பச்சையைப் பார்த்துவிட்டுக் கண்ணுக்குக் குளிர்ச்சி என்பார்களாம். அக்கா பெருமையாகவே சொன்னாள்.

டீச்சர் விஷயத்தைச் சொன்னாள். அக்காவின் முகம் மாறியது. எந்திரம் ராத்திரியெல்லாம் இரைகிறது, கரண்ட் பில் எகிறுகிறது என்று எல்லோருமாகச் சேர்ந்துதான் நிறுத்தினார்கள், இவர் மட்டும் என்ன செய்வார் என்றாள். பிறகு கத்தியைத் தட்டில் வைத்தாள்.

"கூடப் பொறந்தவ நீயே சபையில வெச்சு அவர் மானத்த வாங்குவியா?"

"அத்தான் மானத்த நான் வாங்கல அக்கா. உங்க பாத்ரூம் தண்ணியத்தான் இத்தன வருஷமா வாங்கிட்டிருக்கேன்."

அக்கா எழுந்து உள்ளே போய்விட்டாள். டீச்சர் தானே கதவைச் சாத்திக்கொண்டு இறங்கினாள். லிஃப்டில் அழுகை வந்தது. கீழே வருவதற்குள் துடைத்துக்கொண்டாள். அம்மா போன பிறகு அவளுக்குத் தலைவாரிவிட்டுப் பள்ளிக்கு அனுப்பியது இந்த அக்காதான். பேசாமல் விட்டுவிடலாமா என்று அன்று முழுக்க அவள் மனசு அலைபாய்ந்தது. கணவரிடம் கேட்டதற்கு, விட்டுவிட்டால் அக்கா பேசுவாள், ஆனால் நீ அவள் வீட்டுக்குப் போய்ச் சிரித்துப் பேசுவாயா, அதை யோசித்துக்கொள் என்றார்.

விசாரணையன்று மண்டபம் நிரம்பியிருந்தது. அக்காவின் கணவர் எழுந்து, நாங்கள் எல்லா வரியும் ஒழுங்காகக் கட்டுகிறவர்கள், எங்கள் கழிவைச் சுத்தம் செய்துதான் விடுகிறோம் என்று நிதானமாகப் பேசி உட்கார்ந்தார். நல்ல மனிதர்தான். பொய்யைக்கூட அடக்கமாகச் சொன்னார். பெண்கள் வரிசையில் அக்கா தலை குனிந்தபடி இருந்தாள்.

டீச்சர் எழுந்தாள். வண்டிக்குள் கத்துகிற அதே குரல், ஒலிபெருக்கி தேவைப்படவில்லை. "அத்தான், எந்திரம் ஓடுதுன்னா இப்பவே போய்ப் பாக்கலாம். வண்டி வாசல்ல நிக்குது."

சபை சிரித்தது. விசாரணை நடத்த வந்திருந்த அதிகாரி சிரிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, போகலாம் என்று எழுந்துவிட்டார். அவரும் பொறியாளரும் பின்சீட்டில் ஏற, அன்று மட்டும் டீச்சரே ஓட்டினாள். அடுக்குமாடியின் அடித்தளத்தில் எந்திர அறையைத் திறந்தால், உள்ளே எந்திரத்தைக் காணோம். அதை மறைத்துக்கொண்டு உடைந்த சோபாக்களும் காற்றுப்போன சைக்கிள்களும் கிடந்தன. சோபா ஒன்றில் பூனை குட்டி போட்டிருந்தது.

புதிய உத்தரவு வந்தது. ஏரிக்கு யார் வீடு பக்கத்தில் இருக்கிறது என்பது பேச்சே இல்லை. யார் எவ்வளவு கழிவு விடுகிறார்களோ அவர்கள் அந்த அளவுக்குக் கட்ட வேண்டும். அடுக்குமாடிக்குத்தான் பெரும்பங்கு. ஆனால் ஏரிக்கரைத் தெருவின் சாக்கடையும் ஏரியில்தான் விழுந்தது. ஆகவே அவர்களுக்கும் ஒரு பங்கு உண்டு என்றிருந்தது. தெரு டீச்சர் மேல் பாய்ந்தது. கட்ட வேண்டாம் என்று எங்களை நிறுத்திவிட்டு இப்போது என்ன இது என்று வீட்டு வாசலில் கூட்டம் கூடிவிட்டது.

"கட்ட மாட்டேன்னு சொன்னது நீங்கதானே டீச்சர்?" என்றார் இஸ்திரிக் கடைக்காரர்.

"அடுத்தவன் அழுக்குக்குக் கட்ட மாட்டேன்னேன். என் வீட்டு அழுக்குக்கு வேற யாரு கட்டுவா?"

முதல் ஆளாகப் போய்க் கட்டிவிட்டு வந்தாள். சிலர் கட்டினார்கள். சிலர் திட்டிக்கொண்டே கட்டினார்கள். இஸ்திரிக் கடைக்காரர் ரொம்ப நாள் அவள் துணிகளை வாங்க மறுத்தார். அவள் கசங்கிய சட்டையோடு அவர் கடையைத் தாண்டி நிமிர்ந்து நடந்தாள்.

வேலை தொடங்கியபோது நாற்றம் குறையவில்லை, பத்து மடங்கு ஆனது. அடிச்சேற்றை அள்ளி லாரி லாரியாகக் கொண்டுபோனார்கள். ஏரி நடுவில் காற்றடிக்கிற குழாய்களை இறக்கினார்கள். ஒரு மழைக்காலம் போய் இன்னொன்றும் வந்தது. தண்ணீர் பளிங்காகிவிடவில்லை, கலங்கலாகத்தான் இருந்தது. ஆனால் தண்ணீராக இருந்தது. ஓரத்தில் பச்சை தலைகாட்டும் போதெல்லாம் டீச்சர் அடுக்குமாடிக்கு வண்டியை விட்டு, காவலாளியைக் கூப்பிட்டு, எந்திரம் ஓடுகிற சத்தத்தைக் காதால் கேட்டுவிட்டுத்தான் திரும்புவாள். அக்கா வீட்டு மாடிக்கு மட்டும் ஏறவில்லை. அக்கா கூப்பிடவும் இல்லை.

ஏரியைச் சுற்றி நடைபாதை போட்டதும் ஊரே காலையில் நடக்க வந்தது. அக்காவும் வருவாள், எதிர்ப்பக்கமாக. இருவரும் பாதி வழியில் ஒருவரையொருவர் தாண்டும்போது தண்ணீரைப் பார்ப்பார்கள். இது இப்படியே போய்க்கொண்டிருக்கையில், நகராட்சி ஏரிக்கு வேலி போட்டு, வாசலில் ஒரு சீட்டுக் கொடுக்கும் அறையும் கட்டியது. நடக்க வருகிறவர்கள் இனிக் காசு கொடுத்துச் சீட்டு வாங்க வேண்டுமாம். மறுபடி ஒரு பொது விசாரணை.

டீச்சர் முதல் வரிசையில் போய் உட்கார்ந்தாள். கூட்டம் தொடங்குகிற நேரத்தில் பக்கத்தில் யாரோ வந்து நின்றார்கள். அக்கா.

"தள்ளி உக்காரு" என்றாள்.

டீச்சர் தள்ளி உட்கார்ந்தாள். அக்கா உட்கார்ந்து பையை மடியில் வைத்துக்கொண்டாள். முகத்தைத் திருப்பாமலேயே, "சுத்தம் பண்ண நாங்க அவ்வளவு கட்டினோம். இப்ப நடக்கறதுக்கும் கேப்பாங்களாமா? நீ மொதல்ல பேசறியா, நான் பேசட்டுமா?" என்றாள்.

"நீயே ஆரம்பி அக்கா. நீ நிறுத்தினா நான் எடுக்கறேன்" என்றாள் டீச்சர்.