பிளந்த கல்லில் இறகு

அருங்காட்சியகத்தில் அவளை எல்லோரும் ஊசிக்காரி என்றே கூப்பிடுவார்கள். பின்கட்டு அறையில் உருப்பெருக்கிக் கண்ணாடிக்குக் கீழே குனிந்து, ஊசி முனையால் கல்லைச் சுரண்டிச் சுரண்டிப் பழங்கால எலும்புகளை வெளியே எடுப்பதுதான் அவள் பிழைப்பு. அந்தப் பொறுமையெல்லாம் அங்கே மட்டும்தான். வீட்டில் பால் பொங்கத் தாமதமானால் அடுப்போடு சண்டைக்குப் போவாள்.

அன்று முற்பகல், கோழியளவே இருந்த ஊனுண்ணி டைனோசர் ஒன்றின் மண்டையோட்டைத் துலக்கி முடித்து, கையெலும்பை நெருங்கிக்கொண்டிருந்தாள். 'டிக்' என்றது. கல்லின் குறுக்கே முடி போல ஒரு விரிசல் ஓடியது. இரண்டு கையாலும் கல்லை அணைத்துப் பிடித்தாள். பிடித்தாயிற்று, விரிசலை ஒட்டப் பசையை யார் விடுவது?

"யாராச்சும் வாங்களேன்!"

வந்தது அண்ணன். அதே கட்டடத்தில் தச்சுவேலை. அவள் தன் விருப்பப்படி கல்யாணம் செய்துகொண்டதிலிருந்து பேச்சு கிடையாது. எதிரே வந்தால் சுவரைப் பார்த்துக்கொண்டு போவான். இப்போதும் வாசலைத் தாண்டவில்லை.

"அண்ணே, கோபத்தை அப்புறம் வச்சுக்கலாம். இதைப் பிடி. இறுக்காதே, விடவும் விடாதே."

உள்ளே வந்து பிடித்தான். அவள் மெல்லிய குழாயால் விரிசலுக்குள் பசையைச் சொட்டுச் சொட்டாக விட்டாள். அவன் மூக்கு நுனியில் வியர்வை திரண்டது. கல்லில் விழுவதற்குள் தன் சட்டைக் கையால் துடைத்துவிட்டாள். அதற்குள் விரிசலோரம் ஒரு சில்லு பெயர்ந்து விழுந்தது.

"நான் அசையல!"

"தெரியும். பேசாதே."

சில்லு போன இடத்தை உற்றுப் பார்த்தாள். கையெலும்பை ஒட்டி, சீப்பால் வாரிவிட்டது போலக் கருங்கோடுகள்.

"என்ன ஆச்சு? போச்சா?"

"இல்லண்ணே. இறகு."

"கல்லுல ஏது இறகு? கோழியா இது?"

"கோழிக்குப் பங்காளி. வாயைப் பாரு, கறி கிழிக்கிற பல்லு. ஆனாலும் இறகு இருக்கு. பறவைங்க வந்ததே இதுங்க வம்சத்துலேருந்துதான்."

மற்றவர்கள் கல்லில் இறகு கண்டதைக் கேள்விப்பட்டிருக்கிறாள். தன் மேசையில் இதுதான் முதல் தடவை. விரிசல் விழாமல் இருந்திருந்தால், சாயங்காலத்துக்குள் அதை அழுக்கென்று சுரண்டித் தள்ளியிருப்பாள். நினைத்ததும் குழாயைக் கீழே வைத்தாள்.

பசை இறுகும்வரை இருவரும் கல்லையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"இப்ப விடு. மெதுவா."

விரல் விரலாக எடுத்தான். கல் நின்றது.

வாசல்வரை போனவன் திரும்பாமலே கேட்டான்: "மாப்பிள்ளை நல்லா இருக்காரா?"

தன் கணவனை அவன் மாப்பிள்ளை என்று முறை சொல்லி அவள் கேட்டதேயில்லை.

"நல்லா இருக்கார்ணே."

அவன் போனபிறகுதான் உட்கார்ந்தாள். உருப்பெருக்கியை இறகின் மேல் இழுத்துக்கொண்டாள்.