கோயில்பிள்ளைக்குப் பென்ஷன்

பிஷப் ஹவுஸ் கணக்குப் பிரிவில் நான் சேர்ந்த இரண்டாம் மாதமே பஞ்சாயத்து வந்துவிட்டது. திருத்துறைப்பூண்டிப் பக்கத்து ஊர் ஒன்றிலிருந்து இரண்டு பேர் ஒரே பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். ஒருவர் மிராசுதாரின் காரியக்காரர் நடேசன். இன்னொருவர் விவசாயத் தொழிலாளர் சங்கத்துத் தலைவர் கோவிந்தன். ஒருவர் முன் சீட்டு, ஒருவர் பின் சீட்டு, வழி நெடுக முகம் கொடுத்துப் பேசவில்லையாம். எங்கள் வராந்தாவிலும் ஆளுக்கொரு மூலையில்தான் உட்கார்ந்தார்கள்.

இரண்டு பேரும் கேட்டது ஒன்றே ஒன்று: "பழைய கோயில்பிள்ளையவே திரும்ப வேலைக்கு வைங்க."

கோயில்பிள்ளை என்றால் கோயிலைப் பார்த்துக்கொள்கிறவர். மணி அடிப்பார், விளக்கேற்றுவார், சாமியார் வராத நாளில் செபம் சொல்லித் தருவார். அதுவரை சாமியார்களுக்கு மட்டும்தான் முதுமையில் ஏதோ ஏற்பாடு இருந்தது. கோயில்பிள்ளைக்கும், ஊர் ஊராக வேதம் சொல்லித் தரும் உபதேசியாருக்கும் கடைசி நாளில் ஒரு சால்வை, ஒரு செபமாலை, அவ்வளவுதான். அந்த வருஷம்தான் அவர்களுக்கும் மாதப் பென்ஷன் வந்தது. முதல் ஆர்டர் அந்த ஊர் அந்தோணிசாமிக்கு. டைப் அடித்தது நான். பெருமையோடு அடித்தேன், இரண்டு இடத்தில் தப்பாகவும் அடித்தேன்.

கோட்டையில் கழக ஆட்சி. எங்கள் பக்கம் வயலுக்கு வயல் கூலித் தகராறு. தாசில்தார் ஆபீசில் முத்தரப்பும் உட்கார்ந்து பேசி, வேலை நேரம் ஒன்றை முடிவு செய்தார்கள். அந்த ஊரில் வேலை முடிவதற்கு அடையாளம் கோயிலின் மாலை மணி. அந்தோணிசாமி அடித்தவரை ஒருவரும் வாய் திறக்கவில்லை. சீக்கிரம் அடிக்கச் சொல்லி சங்கத்து ஆட்கள் கேட்டபோது அவர்களைத் திட்டினார். தள்ளி அடிக்கச் சொல்லிப் பண்ணையிலிருந்து நெல் மூட்டை வந்தபோது அவர்களையும் திட்டினார். இரண்டு பக்கமும் திட்டு வாங்கியிருந்ததால் இரண்டு பக்கமும் அவரை நம்பியது.

அவர் ஓய்வு பெற்றதும் அருள்ராஜ் என்ற வாலிபர் கயிற்றைப் பிடித்தார். பிடித்தது சனி.

"புதுப் பையனோட அண்ணன் சங்கத்துல இருக்கான் சாமி. நேரத்துக்கு முன்னாடியே அடிச்சுடறான்" என்றார் நடேசன்.

"எனக்குக் கடவுள் நம்பிக்கை கிடையாதுங்க. மணி நம்பிக்கை உண்டு. இந்தப் பையனோட மாமனாரு பண்ணையில வண்டி ஓட்டறாரு. இழுத்தடிச்சுத்தான் அடிக்கிறான்" என்றார் கோவிந்தன்.

கேட்டுக்கொண்டிருந்தவர் புரொக்குரேட்டர் சாமியார், எங்கள் மறைமாவட்டத்தின் வரவு செலவு முழுவதும் அவர் கையில். சிரிக்க மாட்டார். அவர்கள் போனதும் என்னைக் கூப்பிட்டார்.

"சூசை, பென்ஷன் வாங்கறவங்க கோயில் வேலை எதையும் செய்யக் கூடாது. விதி அது. கிழவர் திரும்பவும் கயித்தப் பிடிக்கறார்னு ஒரு பேச்சும் வந்திருக்கு. நீ போய்ப் பாரு. நெஜம்னா பென்ஷன நிறுத்திடணும். மொத ஆளுக்கே விட்டுக் கொடுத்தா, திட்டமே நிக்காது."

முதல் பென்ஷனை நிறுத்தப் போகிற முதல் கணக்கன் என்ற பெயர் எனக்கு வேண்டாமே என்று வேண்டிக்கொண்டுதான் பஸ் ஏறினேன்.

மாடு வாங்கிய வீடு

கோயிலுக்கு எதிரே புங்கமரத்தடியில் அந்தோணிசாமி கறவை மாடு ஒன்றைத் தேய்த்துக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார். இடது கையால் தேய்த்தார். வலது தோள்பட்டை கயிறு இழுத்து இழுத்தே போய்விட்டதாம்.

"கயித்தத் தொட்டு ஒரு மாசமாச்சு தம்பி. ஊரே வந்து கெஞ்சுது. மாட்டேன்னுட்டேன்."

உள்ளேயிருந்து அவர் மனைவி ஆரோக்கியம் அம்மா வந்தார். "பென்ஷன நம்பித்தான் இந்த மாட்டப் புடிச்சிருக்கேன் கணக்கப்புள்ள. இன்னும் தவணை பாக்கி இருக்கு. இவரு மட்டும் அந்தக் கயித்தத் தொடட்டும், மாட்டுக் கயித்தாலயே கட்டிப் போட்டுடுவேன்."

ஆக, பென்ஷன் நின்றால் மாடு போகும். அதோடு கிழவரின் நிம்மதியும் போகும்.

சாயங்காலம் அருள்ராஜ் மணி அடித்தார். பக்கத்து வயலில் நடவு. பெண்கள் சேற்றில் நின்றபடியே தலை நிமிர்ந்தார்கள். யாரும் கரையேறவில்லை.

வரப்பிலிருந்து நடேசன் குடையை ஆட்டினார். "இன்னும் நேரம் ஆகல! யாரும் ஏறக் கூடாது!"

"எப்பவோ ஆயிடுச்சு! ஏறுங்க எல்லாரும்!" என்று வாய்க்கால் மதகிலிருந்து கோவிந்தன் கத்தினார்.

ஒரே மணி. ஒருவருக்கு முந்தி, இன்னொருவருக்குப் பிந்தி. அருள்ராஜ் கோயில் வாசலில் அழாத குறையாக நின்றார். பத்துப் பதினைந்து ஆண்கள் இரண்டு அணியாகப் பிரிய ஆரம்பித்தார்கள். அந்தக் காலத்தில் இப்படித் தொடங்கியது எங்கே போய் முடியும் என்று எல்லோருக்கும் தெரியும்.

அந்தோணிசாமி எழுந்தார். ஒரு கையில் வைக்கோல் பிரி. கோயில் பக்கம் ஓர் அடிகூட வைக்கவில்லை, மரத்தடியிலிருந்தே குரல் கொடுத்தார்.

"மணி சரியாத்தான் அடிச்சிருக்கு. வீட்டுக்குப் போங்க எல்லாரும்."

நடேசன் குடையை மடக்கினார். கோவிந்தன் துண்டை உதறித் தோளில் போட்டார். பெண்கள் கரையேறி வாய்க்காலில் கால் கழுவினார்கள். முடிந்தது.

எனக்குத் தாங்கவில்லை. "பெரியவரே, சரியான நேரம்னு உங்களுக்கு எப்படித் தெரியும்? உங்ககிட்ட கடிகாரமே இல்லையே?"

"எனக்கு எங்க நேரம் தெரியும் தம்பி? அருள்ராஜ் பொய் சொல்ல மாட்டான். அது தெரியும்."

சாமியார் சிரித்தது

மறுநாள் புரொக்குரேட்டர் சாமியார் கேட்டார். "மணி அடிச்சாரா?"

"இல்ல சாமி."

"பின்ன ஊரு எப்படி அடங்குச்சு?"

"பேசினார் சாமி. மரத்தடியில நின்னு ஒரு வார்த்தை."

"பேசறதும் கோயில் வேலைதானேப்பா?"

"பிரசங்கம் வைக்கிறவங்க நீங்க. நீங்கதான் சொல்லணும்."

சொன்ன பிறகுதான் யாரிடம் சொன்னேன் என்று உறைத்தது. ஆனால் அவர் சிரித்தார். அதைப் பார்க்கப் பக்கத்து அறையிலிருந்து ஆள் எட்டிப் பார்த்தது. பைலில் அவரே எழுதினார்: 'பேசுவதற்குத் தடையில்லை. பென்ஷன் தொடரட்டும்.'

அறுவடை சமயத்தில் வேறு வேலையாக அந்த ஊர்ப் பக்கம் போனேன். மாட்டின் கடைசித் தவணையும் கட்டியாயிற்று என்று ஆரோக்கியம் அம்மா லோட்டா நிறையப் பால் கொடுத்தார். மாலை மணி அடித்தது. வயலில் இருந்தவர்கள் அரிவாளோடு நேரே வீட்டுக்கு நடந்தார்கள். ஒருவர்கூட மரத்தடியைத் திரும்பிப் பார்க்கவில்லை.

"பாத்தீங்களா தம்பி, இப்ப என்னை ஒருத்தரும் கேக்கறதில்ல" என்றார் அந்தோணிசாமி. குறை சொல்வது போல ஆரம்பித்தவர், சிரித்துவிட்டார். "இன்னிக்குத்தான் நான் ரிட்டயர் ஆயிருக்கேன்."

அதன்பின் எத்தனையோ உபதேசியார்களுக்கும் கோயில்பிள்ளைகளுக்கும் ஆர்டர் அடித்தேன். கடைசியில் எனக்கும் ஒன்று வந்தது. என் நாற்காலிக்கு வந்த பெண்ணைப் பற்றி, "சின்னப் பொண்ணாச்சே, கணக்கு சரியா இருக்குமா?" என்று பங்குச் சாமியார்கள் என் வீட்டுக்கே வந்து கேட்டார்கள். நான் எந்தக் கணக்கையும் வாங்கிப் பார்க்கவில்லை. "சரியாத்தான் இருக்கும், போங்க சாமி" என்றேன். இப்போது யாரும் வருவதில்லை.