ஜன்னலில் வைத்த மரச்சீனிக் கம்பு

என் வேலை என்னவென்று குன்னத்துகாலில் யாருக்கும் விளங்க வைக்க என்னால் முடிந்ததில்லை. எக்ஸ்ரே என்று சொன்னால் போதும், பக்கத்து வீட்டு மாமி முட்டியை நீட்டிவிடுவாள். மெல்லிய வேட்டித் துணியைக் கண்ணுக்கு நேரே பிடித்துத் தெருவிளக்கைப் பார்த்தால் வெளிச்சம் நூலுக்குக் குறுக்கே கீற்று கீற்றாக நீளும் இல்லையா, அதுதான் என் பிழைப்பு. ஒரு பொருளுக்குள் எக்ஸ்ரே எந்தப் பக்கமாகச் சிதறுகிறது என்று அளந்து, உள்ளே நார்கள் எந்தத் திசையில் ஓடுகின்றன என்று கம்ப்யூட்டரில் கட்டி எழுப்ப வேண்டும். ஒரே அச்சில் சுற்றி எடுத்தால் பாதி நார்கள் சிக்காது. பொருளைச் சாய்த்து வைத்து இன்னொரு முறை சுற்ற வேண்டும்.

நான் எடுத்துக்கொண்டது விரல் நீள மரச்சீனிக் கம்பு, மற்ற ஊர்க்காரர்களுக்கு மரவள்ளி. வாடாமல் இருக்க இரண்டு முனையிலும் மெழுகு பூசி, மேல் முனை எது என்று தெரிய நகப்பாலிஷ் தொட்டு வைத்திருந்தேன். முதல் சுற்று முடிந்ததும் மெஷின் மக்கர் பண்ணியது. லேபில் விட்டுவந்தால் எவராவது குப்பையில் போட்டுவிடுவார்கள் என்று, பெரிய புத்திசாலி மாதிரி அதை வீட்டுக்குக் கொண்டுவந்து ஜன்னலில் வைத்தேன்.

வீட்டில் அப்பா இருந்தார். சர்க்கார் ஆபீஸில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றபின் விவசாயத்தில் இறங்கியவர். அவர் வைத்த நல்லமிளகுக் கொடி பட்டுப்போனது. வரிசையாக நட்ட மரச்சீனியைப் பெருச்சாளி தின்றது. ஆனாலும் எங்கள் ஊரில் மரச்சீனிக் கம்பு கண்ணில் பட்டால் கை சும்மா இருக்காது. இரண்டு வாரம் கழித்து வீட்டுக்கு வந்து கிணற்றடிக்குப் போன நான், அவர் ஒரு கூடையைக் கவிழ்த்து எதையோ கோழியிடமிருந்து காப்பதைப் பார்த்தேன். கூடைக்கடியில் என் ஆராய்ச்சி முளைவிட்டிருந்தது.

நான் போட்ட சத்தம் பாறசாலை வரை கேட்டிருக்கும். அவர் அசரவில்லை.

“கம்பு மண்ணுல இருக்க வேண்டியதாக்கும் மக்கா. ஜன்னல்ல வச்சா பிடிக்குமா?”

மெஷின் சரியாகி, திங்கட்கிழமை என் முறை. அதை விட்டால் மறுபடி எப்போது கிடைக்கும் என்று யாருக்கும் தெரியாது. கையில் இருப்பது பாதிப் படம்தான். பிடுங்கிவிடலாம் என்று சாயங்காலம் போனேன். அப்பா காப்பி டம்ளரோடு அந்தக் கூடைக்குப் பக்கத்தில் குந்தியிருந்தார். அவர் நட்டுத் தப்பிப் பிழைத்த முதல் செடி அதுதான். வேண்டாம், வேறு கம்பு வைத்து முதலிலிருந்து தொடங்குகிறேன் என்று அம்மாவிடம் மட்டும் சொன்னேன். அம்மா வாயில் எது நின்றிருக்கிறது.

திங்கட்கிழமை விடிகாலையில் பஸ் ஸ்டாப்பில் நிற்கிறேன், அப்பா வேர்க்க விறுவிறுக்க வந்தார். கையில் ஈரத் துவர்த்துத் துண்டு. அதற்குள் என் கம்பு, பச்சைக்குழந்தை மாதிரி குளிப்பாட்டித் துடைத்து.

முளை எங்கே என்று கேட்டேன்.

“கிள்ளிட்டேன். முதல் போட்டோவுல அது இல்லல்லா. நீ கொண்டுட்டுப் போ, எனக்கு வேற கம்பு உண்டு.”

வேறு கம்பு எதுவும் இல்லை என்று எனக்குத் தெரியும். மண்ணில் அழிந்துபோன நகப்பாலிஷுக்குப் பதிலாக அம்மாவுடையதை எடுத்து அவரே பூசியிருந்தார். எந்த முனை என்று சந்தேகம் வந்ததால் இரண்டு முனையிலும். எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. இனி அதனால் உபயோகமில்லை என்று தெரிந்தும் வாங்கிப் பையில் வைத்துக்கொண்டேன்.

லேபில் அதையே வைத்துச் சுற்றினேன். முதல் பாதிக்கும் இரண்டாம் பாதிக்கும் அறிமுகமே இல்லை என்பது போல வந்தது படம். ஓரத்து நார்கள் ஒழுங்காக நீளவாக்கில் ஓடின. வேர் கிளம்பிய இடத்தில் ஒரே கலர்க் குழம்பு. என் கைடு பார்த்துவிட்டு, இதை வெளியில் எவருக்கும் காட்டாதே என்றார். வேறு கம்பு வைத்து எல்லாவற்றையும் மறுபடி எடுக்க மாதக்கணக்கில் ஆனது.

படத்தை அப்பாவுக்கு மட்டும் அனுப்பினேன். அவர் நெய்யாற்றின்கரை வரை போய் அதைப் பிரேம் போட்டு ஹாலில் மாட்டிவிட்டார். வருகிறவர்களிடமெல்லாம், நான் நட்ட மரச்சீனியாக்கும் என்று காட்டுகிறார். அது தலைகீழாகத் தொங்குகிறது. திசையைத் தவிர வேறொன்றும் படிக்காதவள் நான், ஊருக்குப் போகும்போதெல்லாம் அதன் கீழே உட்கார்ந்துதான் சாப்பிடுகிறேன். இதுவரை திருப்பி மாட்டவில்லை.