அக்காவின் பிரெஞ்சு வண்டியைத் தள்ளியவர்கள்

என் நிச்சயதார்த்தத்துக்கு அக்கா வராததற்குக் காய்ச்சல்தான் காரணம் என்று உறவினர்களே, உங்களில் பலர் இன்றும் நம்புகிறீர்கள். அது நான் சொன்ன பொய். அன்று விடியுமுன் அக்காவின் மோட்டார் வண்டி எஞ்சினிலிருந்து ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிக் கிணற்றில் போட்டவன் நான். பெண் வீட்டார் முன்னால் அந்த வண்டி புகைவிட்டுக்கொண்டு வந்து நிற்பதும், அக்கா காலை இழுத்து இறங்குவதும் எனக்கு வெட்கமாக இருந்தன. பஸ் ஏற முடியாத அக்கா வீட்டிலேயே தங்கிவிட்டார்.

அக்கா பிறந்தது ராயப்பன்பட்டியில். சிறு வயதிலேயே இளம்பிள்ளை வாதம் இடது காலை முடக்கிவிட்டது. மாதா கோயிலில் இருந்த பிரெஞ்சு சாமியார் தம் நாடு திரும்பியபோது, கொட்டகையில் துருப்பிடித்துக் கிடந்த மூன்று சக்கர மோட்டார் வண்டியை அக்கா கேட்டு வாங்கினார். தையல் வேலை முடிந்த நேரமெல்லாம் ஒவ்வொன்றாகக் கழற்றி, மண்ணெண்ணெயில் ஊறவைத்து, துலக்கி, திரும்பப் பூட்டினார். பெடலை மிதித்துக் கிளப்ப வேண்டிய வண்டி அது. அக்காவால் மிதிக்க முடியாது, யாராவது தள்ள வேண்டும். கிளம்பிவிட்டால் உத்தமபாளையம் வரை ஒருவர் தயவும் தேவையில்லை. அங்கே அவர் தையல் கற்றுக்கொடுத்த வருமானத்தில்தான் நான் கல்லூரி முடித்தேன்.

பிளக்கைப் பையன்கள் திருடியிருப்பார்கள் என்று சொல்லிவிட்டேன். அந்த அளவு பிளக் எங்கும் கிடைக்கவில்லை. அக்கா வீட்டோடு முடங்கினார். தையல் கற்றவர்கள் வேறு இடம் பார்த்துக்கொண்டார்கள். திருமணம் நெருங்கியபோது எனக்குப் பொறுக்கவில்லை. உள்ளூர் பிளக் பொருந்தும்படி தேனி லேத் பட்டறையில் ஒரு பித்தளை வளையம் கடைந்து கொண்டுவந்து, உண்மையைச் சொன்னேன். அக்கா அழவுமில்லை, ஏசவுமில்லை. வளையத்தைப் பூட்டினார்.

“ஏலே, தள்ளு.”

“எங்க போகணும்க்கா?”

“காமயகவுண்டன்பட்டிக்கு. ஒன் மாமனார் வீட்டுக்கு.”

நான் சைக்கிளில் பின்னே போனேன். வாசலில் நின்ற வருங்கால மாமனார், “நிச்சயத்தன்னைக்குக் காய்ச்சல்னு சொன்னாகளே, இப்பத் தேவலையா தாயி?” என்றார்.

“காய்ச்சல் வண்டிக்குத்தான் மாமா” என்றார் அக்கா, சிரிக்காமல்.

என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. நானே எல்லாவற்றையும் சொன்னேன். மாமனார் முகத்தைத் திருப்பிக்கொண்டார். கல்யாணம் நின்றுவிட்டது என்றே நினைத்தேன்.

“சொன்னது போதும்லே. வந்து தள்ளு, வெயில் ஏறுது” என்றார் அக்கா.

தள்ளினேன். வண்டி முக்கியது, கிளம்பவில்லை. கதவோரம் நின்ற மணப்பெண் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு தெருவுக்கு இறங்கினாள்.

“இவுகளால ஒத்தையில முடியாது மதினி” என்று என் பக்கத்தில் வந்து கை வைத்தாள். வண்டி கிளம்பிற்று.

அதற்குப் பிறகும் பல வருடங்கள் அக்கா அந்த வண்டியில்தான் போய்வந்தார். வழியெல்லாம் அதைத் தள்ளிவிட்டவர்களுக்கும், கடைசி நாட்களில் அக்காவைத் தூக்கி உட்காரவைத்த கைகளுக்கும் எங்கள் குடும்பம் நன்றி சொல்கிறது. அதில் முதல் நன்றி என் மனைவிக்கு.