பாவு ஷெட்டில் கொதித்த விமானம்

ரேடியேட்டர் கடைக்குச் சிரித்த முகத்தோடு வந்த ஆளை நான் இன்னும் பார்க்கவில்லை. வண்டி நடுவழியில் கொதித்து, பானெட்டைத் திறந்து வைத்து, குடிக்க வைத்திருந்த தண்ணீரையெல்லாம் அதற்கு ஊற்றிவிட்டு, நாக்கு வறண்டு வந்து நிற்பவர்கள்தான் எங்கள் வாடிக்கையாளர்கள். இதைப் படிக்கிறவர்களில் பாதிப் பேராவது ஒரு தடவை அப்படி ரோட்டோரம் நின்றிருப்பீர்கள். ஆகவே நாமெல்லாம் ஒரே கட்சி.

என் பெயர் ஏழுமலை. ஆரணியில் கடை. லாரி, டிராக்டர், ஜெனரேட்டர், நெல் அறுக்கும் மெஷின் என்று கொதிக்கக்கூடிய எல்லாவற்றையும் பார்த்தாயிற்று. ஆனால் வேலையில்லாத மத்தியானங்களில் மனசு போய் நிற்பது ஒரே ஒரு வண்டியிடம்தான். சில வருஷங்களுக்கு முன்னால் அது என்னைப் படுத்திய பாடு கொஞ்சமல்ல. இப்போது நினைத்தால் அந்தப் பாடே இனிக்கிறது.

எந்த வண்டிக்கு?

ஒரு நாள் காலை, வெள்ளைச் சட்டையை மடித்துவிட்ட ஒரு பெரியவர் ஒயர் கூடையோடு கடைக்கு வந்தார். கூடைக்குள் சின்னதாக இரண்டு அலுமினியக் கோர். காரில் ஏசிக்குப் போடுகிற சமாச்சாரம். “இதுல தண்ணி ஓட விட்டா ரேடியேட்டரா வேலை செய்யுமா? லீக் டெஸ்ட் பண்ணிக் குடுங்க” என்றார். எந்த வண்டிக்கு என்று கேட்டேன். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, “பிளேனுங்க. நானே கட்டிகினு இருக்கேன்” என்றார்.

இப்படித்தான் தாமோதரன் சார் எனக்கு அறிமுகமானார். ஆரணி நெசவுக் குடும்பத்துப் பிள்ளை. வெளியூரில் விமானம் பழுது பார்க்கும் வேலையில் ஆயுசைக் கழித்துவிட்டு, ஓய்வு பெற்று ஊரோடு வந்தவர். எனக்குக் கையிலிருந்த சோல்டரிங் கட்டை அப்படியே நின்றுவிட்டது. பின்னால் தேவிகாபுரத்து டிராக்டர்காரர் ஒருவர் காலையிலிருந்து காத்துக்கொண்டிருந்தார். அவருக்கு ஆச்சரியமெல்லாம் ஒன்றும் இல்லை. “பிளேனா இருந்தா இன்னா, ராக்கெட்டா இருந்தா இன்னா? எனக்கு அப்பறம் வந்தது. என் டிராக்டர மொதல்ல முடி” என்றார்.

முதல் கொதி

சாரின் விமானம் இருந்தது அவருடைய அப்பா காலத்துப் பாவு ஷெட்டில். பட்டு நூலை நீளமாக இழுத்துப் பாவு போடுவதற்காகக் கட்டிய நீண்ட கூடம். அதனால் இறக்கையோடு சேர்த்து உள்ளே அடங்கிவிட்டது. இரண்டு பேர் உட்காரலாம். பழைய வெளிநாட்டுக் கார் ஒன்றிலிருந்து கழற்றிய ரோட்டரி இன்ஜின். பிஸ்டன் மேலும் கீழும் போகிற கதையே அதில் கிடையாது. முக்கோணமாக ஒன்று உள்ளே சுற்றும், அவ்வளவுதான். சின்னது, எடை குறைவு, அதிர்வு இல்லை. ஒரே குறை, சூடு.

சாருக்கு இருந்த ஆசையும் ஒன்றே ஒன்றுதான். வாழ்நாள் முழுக்க மற்றவர்கள் ஏறிப் போகிற விமானத்தைச் சரி செய்து அனுப்பியவர், தன் கையால் செய்த ஒன்றில் ஒரே ஒரு தடவை மேலே போக வேண்டும். அனுமதிக் காகிதங்களை நடையாய் நடந்து வாங்கி வைத்திருந்தார். ஓட்டுவதற்கு ஒரு ஓய்வு பெற்ற பைலட்டும் சம்மதித்திருந்தார், ஒரு நிபந்தனையோடு: தரையில் முழு வேகத்தில் கால் மணி நேரம் ஓட வேண்டும், சூடு காட்டும் முள் சிவப்பைத் தொடக் கூடாது. இந்தப் பக்கம் அவர் மனைவி கஸ்தூரி அக்காவும் ஒரு நிபந்தனை வைத்திருந்தார். தை பிறந்ததும் கோயம்புத்தூரில் மகள் வீட்டோடு போய்விடுவது. அதற்குள் ஓடினால் ஓடட்டும், இல்லையென்றால் பழைய இரும்புக்குப் போடுவது.

அந்தக் கோர்களை லீக் பார்த்து எடுத்துக்கொண்டு நான் போன அன்று, அவற்றை மாட்டி இன்ஜினைக் கிளப்பினார். ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் முள் சிவப்புக்குப் போய்விட்டது. மூடி வழியாகப் புஸ்ஸென்று ஆவி கிளம்பி ஷெட் முழுக்க நிறைந்தது. சார் முகத்தைப் பார்க்க முடியவில்லை. கஸ்தூரி அக்கா வாசலில் முறத்தோடு நின்று பார்த்துவிட்டுச் சொன்னார்: “இந்தக் கொதிக்கு ரெண்டு மூட்ட நெல்லாவது அவிச்சிருக்கலாம்.”

மூக்கைத் தூக்கு

முதலில் நான் பிடித்தது ஏர் லாக். தண்ணீர் ஊற்றுகிற வாய் தாழ்வாகவும், ஹோஸ் ஒன்று அதைவிட உயரமாகவும் இருந்தது. உயரத்தில் காற்று போய் உட்கார்ந்துகொண்டால் தண்ணீர் எப்படிச் சுற்றும்? லாரியாக இருந்தால் மேட்டில் ஏற்றி நிறுத்திக் காற்றை விரட்டுவோம். இங்கே மேட்டுக்கு எங்கே போவது? முன்சக்கரத்தைத் தூக்கி, சாயம் காய்ச்சுகிற பழைய அண்டா ஒன்றைக் கவிழ்த்து அதன் மேல் வைத்தோம். ஊற்றுகிற வாயையும் எல்லாவற்றுக்கும் மேலே கொண்டுபோய்ப் பொருத்தினேன். இந்த இன்ஜின் சூட்டில் பெரிய பங்கு ஆயில் வழியாகத்தான் வெளியே வரும் என்று சார் சொன்னதால், ஆயில் கூலரையும் பெரிதாக மாற்றினோம்.

விமானம் மூக்கைத் தூக்கி நிற்பது தெருவிலிருந்து தெரிந்துவிட்டது. ஷெட் வாசலில் கூட்டம். பக்கத்துத் தெரு ஜரிகை வியாபாரி ஒருவர் உள்ளேயே வந்து, அண்டாவையும் விமானத்தையும் மாறி மாறிப் பார்த்தார். “இன்னா சார், இப்டியே கெளம்பிட்டா எங்க மாடியத் தாண்டுமா? டிஷ்ஷு மாட்டி ஒரு வாரந்தான் ஆவுது” என்றார்.

பெரிய ஓட்டை

கொதி தள்ளிப்போனதே தவிர, நிற்கவில்லை. எங்கள் தொழிலில் இதற்கு ஒரே வைத்தியம்தான்: காற்று போதவில்லை, ஓட்டையைப் பெரிசு பண்ணு. எத்தனை லாரிக்கு முன்பக்கத் தகட்டை வெட்டிவிட்டிருக்கிறேன்! அதே கையோடு விமானத்தின் மூக்கில் இரண்டு பக்கமும் இருந்த காற்று வாயை அகலமாக வெட்டினேன். வெட்ட வெட்ட சாருக்கு வலிக்கிறது என்று முகம் காட்டியது. அவர் நாள்கணக்கில் தேய்த்து வழவழப்பாக்கிய மூக்கு அது.

மறுபடி ஓட்டிப் பார்த்தோம். முன்னைவிடச் சீக்கிரமாகச் சிவப்புக்குப் போனது. என் அனுபவத்தில் ஓட்டை பெரிதாகிச் சூடு ஏறியது அதுதான் முதல் தடவை. இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளாமல் கை கழுவினோம். மார்கழி பிறந்துவிட்டது. அக்கா பாத்திரங்களை மூட்டை கட்ட ஆரம்பித்திருந்தார். யார் சொல்லிவிட்டார்களோ, பழைய இரும்புக்காரர் ஒருவர் டிவிஎஸ்ஸில் வந்து இறங்கி, விமானத்தைச் சுற்றி வந்து, தட்டிப் பார்த்துவிட்டு மரியாதையாகத்தான் கேட்டார்: “றெக்கைய நீங்களே கழட்டிக் குடுத்துடுவீங்களா, நாங்க வந்து வெட்டிக்கணுமா?” அன்றைக்கு சார் சாப்பிடவில்லை என்று அக்கா மறுநாள் சொன்னார்.

ஒட்டிக்கொண்ட இழைகள்

அந்த ஷெட்டில் எதைத் தொட்டாலும் பட்டு இழை ஒட்டும். பாவு போடுவது நின்று எவ்வளவோ காலமானாலும் சுவர் இடுக்கு, உத்தரம் எங்கும் அறுந்த இழைகள். இன்ஜின் ஓடினால் எல்லாம் கிளம்பிப் பறக்கும். ரேடியேட்டர் முகத்தில் ஒட்டியிருப்பதை ஒவ்வொரு தடவையும் நான் துடைத்துவிடுவேன். அன்று துடைக்க மனசில்லை. இன்ஜினை ஓடவிட்டு, எதுவும் செய்யத் தோன்றாமல் பக்கவாட்டில் தள்ளி நின்று மூக்கையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

காற்று வாயின் ஒரு ஓரத்தில் இழைகள் உள்ளே பார்த்துப் படுத்திருந்தன. அதே வாயின் மறு ஓரத்தில் ஒட்டியிருந்த சிவப்பு இழை ஒன்று வெளியே நீட்டிக்கொண்டு எங்களைப் பார்த்துப் படபடத்தது. “சார், அது ஏன் வெளிய வருது?” என்றேன். சார் சட்டென்று இன்ஜினை நிறுத்தினார். உள்ளே போன காற்று ரேடியேட்டரைத் தாண்டிப் போக முடியாமல், வந்த வாய் வழியாகவே திரும்பிக்கொண்டிருந்தது. நான் வாயைப் பெரிதாக்கியதில் அது திரும்பி வர இன்னும் சௌகரியமாகிவிட்டது.

கீழே குனிந்து பார்த்தோம். இன்ஜின் மூடியின் அடிப்பக்கம், காற்று வெளியேற வேண்டிய இடம், கை நுழையாத அளவுக்குச் சின்னதாக இருந்தது. மற்ற எல்லா இடுக்கையும் சார் ரப்பர் வைத்து ஒன்றுவிடாமல் அடைத்திருந்தார். “இவ்ளோ அடைச்சி வெச்சது யாருங்க?” என்றேன். அவர் தலையைச் சொறிந்தார். காபி கொண்டுவந்த அக்காதான் சிரித்துக்கொண்டே சொன்னார்: “எங்க மாமியாரு வூட்ல ஜன்னலத் தொறந்தாலே சத்தம் போடுவாங்க, காத்து பூந்தா தறியில இழை அலையும்னு. அந்த வூட்ல வளந்தவரு கட்டுனா வேற எப்டி இருக்கும்?”

கால் மணி நேரம்

அடிப்பக்கத்தை நான் வெட்டினேன். இந்தத் தடவை சார் முகம் சுளிக்கவில்லை, வெட்ட வேண்டிய இடத்தைத் தானே கோடு போட்டுக் கொடுத்தார். காற்றை இழுத்து வெளியே விட, வெட்டின இடத்தில் ஒரு தகட்டுச் சரிவு. நான் பெரிதாக்கிய முன்வாயைப் பாதிக்கு மேல் மறுபடி மூடினோம். வாயிலிருந்து ரேடியேட்டர் வரைக்கும் காற்று வேறெங்கும் ஓடிவிடாமல் இரண்டு பக்கமும் தகட்டுச் சுவர். ஒவ்வொரு மாற்றத்துக்கும் அக்காவிடம் பட்டு இழை வாங்கி ஒட்டி, ஓட்டிப் பார்த்தோம். எல்லா இழையும் உள்பக்கமே படுத்தபோது சாரும் நானும் கட்டிப் பிடித்துக்கொண்டோம். சட்டையெல்லாம் கிரீஸ்.

பைலட் ஐயா போகிக்கு முந்தின நாள் வந்தார். அதிகம் பேசாத மனிதர். விமானத்தைக் கொல்லையில் கம்பத்தோடு கட்டி, முழு வேகத்தில் ஓடவிட்டு, உள்ளே உட்கார்ந்து முள்ளைப் பார்த்துக்கொண்டே இருந்தார். நான் வேண்டாத சாமி இல்லை. சார் கடிகாரத்தைப் பார்க்கவே இல்லை, முதுகைக் காட்டிக்கொண்டு சுவரைப் பார்த்து நின்றார். கால் மணி முடிந்தும் ஐயா நிறுத்தவில்லை. இன்னும் கொஞ்ச நேரம் ஓட்டிவிட்டுத்தான் இறங்கினார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: “றெக்கையக் கழட்டி லாரில ஏத்துங்க.”

கலசப்பாக்கத்தில் நின்ற லாரி

விமானத்தை மேற்கே ஒரு ஓடுதளத்துக்குக் கொண்டுபோனார்கள். நான் கடையைத் திறந்து உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் சாரிடமிருந்து போன். பைக்கை எடுத்துக்கொண்டு கலசப்பாக்கம் ஓடினேன். விமானம் மேலே சுகமாக உட்கார்ந்திருக்க, சுமந்து வந்த லாரி கொதித்து நின்றிருந்தது. ஹோஸ் வெடித்துவிட்டது. நான் குனிந்து மாற்றிக்கொண்டிருக்க, டிரைவர் தலைக்கு மேலே காட்டிச் சொன்னார்: “அது கொதிக்கறதே இல்லியாமே? பேசாம அத எறக்கி எனக்கு மாட்டி வுடுண்ணா.”

மேலே போன அன்று

என்னையும் வரச் சொன்னார்கள். அறுவடை நேரம். கடையில் மூன்று டிராக்டர் நின்றது, போக முடியவில்லை. அது இன்றைக்கும் ஒரு குறைதான். பைலட் ஐயா முதலில் தனியாகச் சுற்றி வந்தார். அப்புறம்தான் சாரை ஏற்றிக்கொண்டு போனாராம். சாயங்காலம் சார் போன் பண்ணினார். நான் ஒரு கையில் ஸ்பானரோடு, ஒரு வார்த்தை விடாமல் கேட்டேன். எவ்வளவு உயரம், என்ன வேகம் எல்லாம் சொன்னார்.

இப்போது அவர்கள் கோயம்புத்தூரில் இருக்கிறார்கள். பாவு ஷெட்டில் அரிசி மூட்டை அடுக்கியிருக்கிறது. அந்தப் பக்கம் போனால் வண்டியை மெதுவாக்காமல் என்னால் போக முடிவதில்லை. அன்றைக்கு போனில் நான் கடைசியாகக் கேட்டது ஞாபகம் இருக்கிறது: “மேலேருந்து பூமி எப்டி இருந்துச்சி சார்?” அவர் சொன்னார்: “எங்க ஏழுமல பாத்தேன்? எறங்கற வரைக்கும் முள்ளையே பாத்துகினு இருந்துட்டேன்.”

ஆயுசெல்லாம் ஏங்கி ஆகாசத்துக்குப் போன மனிதரையும் டெம்பரேச்சர் முள்ளை மட்டும் பார்த்துவிட்டு இறங்க வைக்கும் தொழில் எங்களுடையது என்றால், அன்பர்களே, ரேடியேட்டர்காரனோடு சகவாசம் வைக்கும் முன் நீங்கள் ஒருமுறை யோசிப்பது நல்லது.